தோற்பதற்கும் பட்டியலில் பெயர் வேண்டும்

2025 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரைன்-ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. இந்திய பேட்மிண்டன் அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். அவ்வளவு தூரம் விமானத்தில் போய் இறங்கிய பிறகு அவர்களில் ஆறு பேரால் களத்தில் இறங்கவே முடியவில்லை. காயம் கிடையாது, ஊக்கமருந்து கிடையாது, விசா பிரச்சினையும் கிடையாது. போட்டிக்கு முன்னால் மேலாளர்கள் கூட்டம் என்று ஒன்று நடக்கும். அங்கே பன்னிரண்டு பெயர்களையும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். ஆறு பெயர்தான் போயிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மிச்சமிருந்த ஆறு பேர் ஆடி, கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார்கள். உடனே வாழ்த்துச் செய்திகள், மூவண்ணக் கொடி போட்ட போஸ்டர்கள். விடுபட்ட வீராங்கனை ஒருவர் சமூக வலைதளத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் ஊருக்கே தெரிந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு விசாரணைக் குழு போட்டது, அதிகாரி ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாக 1925-ல் தொடங்கிய அமைப்பு அது. நூற்றாண்டு வருஷத்திலேயே இப்படி. நாமும் ரெண்டு நாள் கோபப்பட்டோம், மூன்றாம் நாள் வேற ரீல்ஸ் வந்துவிட்டது.

எனக்கு மட்டும் அது போகவில்லை. காரணம் சொல்கிறேன்.

என் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிறது. வரலாறு படித்தவர்களுக்கு பேர் தெரிந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாமல் விசித்திரசித்தன் இதைச் செய்தான் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. விசித்திரசித்தன் அவனுக்கு அவனே வைத்துக்கொண்ட பட்டம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு வாயிற்காவலர்களையும் காட்டி, "பாருங்க பசங்களா, ஒண்ணுமே இல்லாம செஞ்சிருக்கான்" என்பார். நாங்களும் வாயைப் பிளந்து பார்ப்போம்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தபோது நான் 800 மீட்டர் ஓடினேன். ஊரில் ஏது மைதானம், ஏரிக்கரைதான். அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் கரையோரமாகப் போய், முள்ளைப் பார்த்து தூரத்தை அளந்து, வேப்பமரத்தில் சுண்ணாம்பு அடித்து வைத்தேன். விடியற்காலையில் ஓடி முடித்து, குளித்து, விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "பொட்டப்புள்ள கரையில ஓடினா ஊரு என்னா பேசும்?" என்று அம்மா ஆறு மாசம் பேசிவிட்டு, பிறகு அவரே முட்டை அவித்துத் தர ஆரம்பித்தார். அப்பாவுக்குக் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதுக்கு சர்ட்டிபிகேட் கெடைக்குமா பாப்பா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாவதாக வந்தேன். 2 நிமிஷம் 24 விநாடி. பல்கலைக்கழக அணிக்கான பட்டியலில் என் பெயர் வந்தது. அகில இந்தியப் போட்டிக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு தகுதிப் படிவம் உண்டு. பத்தாவது மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், ஃபீஸ் கட்டிய ரசீது, போட்டோ, முதல்வர் கையெழுத்து, சீல். எல்லாம் சேர்த்து நான் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தேன். அது எந்தக் கல்லூரி என்பதை விட்டுவிடுகிறேன். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, எந்தக் கல்லூரியாகவும் இருந்திருக்கலாம். கொடுத்த படிவம் மேசை மேல் இருந்தது. பிறகு இன்னொரு மேசைக்குப் போனது. தபாலில் ஏறவே இல்லை. அணி ரயிலேறிய இரண்டு நாள் கழித்து, என்னோடு ஓடியவள் ஸ்டேட்டஸ் போட்டதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அடடா, இங்கதாம்மா இருக்கு. சரி விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் எனக்கு இரண்டு அரியர், கணுக்காலில் வீக்கம், வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு. முடிந்தது கதை.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்கள் மனசுக்குள் ஒரு படம் ஓட ஆரம்பித்திருக்கும். கிராமத்துப் பெண், ஏரிக்கரை, அவித்த முட்டை, இழந்த பதக்கம். தயவுசெய்து அந்தப் படத்தை நிறுத்துங்கள். நான் பதக்கம் எதையும் இழக்கவில்லை. 2.24-ஐ வைத்துக்கொண்டு அகில இந்தியப் போட்டிக்குப் போயிருந்தால் ஹீட்ஸிலேயே கடைசியாகவோ கடைசிக்கு முந்தியோ வந்து வீடு திரும்பியிருப்பேன். இதை நான் தன்னடக்கத்தில் சொல்லவில்லை, கணக்குத் தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் இழந்தது அந்தத் தோல்வியை. அதைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். அப்பாவின் கேள்விக்கு வாருங்கள். மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிக்கு 4. பதக்கம் வாங்கியவர்களுக்குத்தான் முன்னுரிமை. ஆனாலும் பல்கலைக்கழகத்தின் சார்பில் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பியவரும் வரிசையின் கடைசியில் நிற்கலாம். அங்கே நிற்பதற்கு அந்தக் காகிதம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அஞ்சல் துறைக்கும் ரயில்வேக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், படிவம் 3 என்றால் என்ன என்று சொல்வார்கள். நெல் மூட்டையைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோய் டோக்கன் வாங்கிக் காத்துக்கிடந்த என் அப்பாவுக்கு ஒரு காகிதத்தின் மதிப்பு தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

காகிதத்தை விடுங்கள். தோல்விக்கென்றே ஒரு மதிப்பு உண்டு. என்னைவிடப் பத்து விநாடி வேகமாக ஓடும் பெண்ணின் முதுகைப் பக்கத்தில் பார்ப்பது ஒரு கல்வி. அவள் கை எப்படிப் போகிறது, இரண்டாவது சுற்றில் எங்கே மூச்சை மாற்றுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், யார் பயிற்சி தருகிறார்கள். இதையெல்லாம் யூடியூபில் பார்க்க முடியாது. பல்கலைக்கழக விளையாட்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தான். 1923-ல் பாரிஸில் ழான் பெத்தீழான் மாணவர்களுக்கான முதல் சர்வதேசப் போட்டியை நடத்தியபோது, நாலு வருஷ உலகப்போர் முடிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. 1949-ல் சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு வந்தது. பத்து வருஷம் கழித்து இத்தாலியின் தூரின் நகரில் முதல் யூனிவர்சியாட் நடந்தபோது, வென்றவர்களுக்கு அவரவர் தேசிய கீதத்தைப் போடவில்லை. 'கௌதேயாமுஸ்' என்கிற பழைய லத்தீன் மாணவர் பாட்டைத்தான் ஒலிக்கவிட்டார்கள். அதாவது மேடையில் நிற்பவர் முதலில் மாணவர், நாடெல்லாம் பிறகு.

இங்கே அது தலைகீழ். முதலில் நாடு, அப்புறம் பதக்கம், அதற்கப்புறம் அதிகாரி, அவருக்குப் பின்னால் எங்கேயோ மாணவர்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் 2023-க்குப் போவோம். சீனாவின் செங்டுவில் அதே உலகப் பல்கலைக்கழகப் போட்டிகள். அருணாசலப் பிரதேச வூஷு வீராங்கனைகள் மூன்று பேருக்குச் சீனா பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் தனித்தாளில் விசா கொடுத்து ஸ்டேப்பிள் அடித்தது. அருணாசலம் இந்தியாவுடையது இல்லை என்று சொல்லாமல் சொல்லும் வேலை அது. இந்தியா என்ன செய்தது? வூஷு அணியையே அனுப்பவில்லை. மூன்று பேருக்கு நேர்ந்த அவமானத்துக்காக அணி மொத்தமும் நின்றது. அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டே வருஷத்தில் ஜெர்மனியில் ஆறு பேரின் பெயர் நம்முடைய ஆட்களாலேயே விடுபட்டபோது, யாரும் நிற்கவில்லை. மிச்ச ஆறு பேரை இறக்கிவிட்டு, வந்த வெண்கலத்துக்குக் கைதட்டினோம். ஆடிய ஆறு பேர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் பாவம் என்ன செய்வார்கள். அடுத்தவன் நம் பிள்ளையின் பெயரை அழித்தால் அது தேசப் பிரச்சினை. நாமே விட்டுவிட்டால் அது நிர்வாகக் கோளாறு. 'கோளாறு' என்கிற சொல்லே மிஷினுக்கு வருவதுபோல இருக்கிறது, பார்த்தீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம்மைப் பற்றியது. நம்மை என்றால் எழுதுகிற, வாசிக்கிற, ஷேர் பண்ணுகிற நம்மை. எங்கள் ஊர் வாத்தியார் சொன்னாரே, "ஒண்ணுமே இல்லாம செஞ்சிருக்கான்" என்று, அந்த வாக்கியத்தின் மேல் நமக்கு ஒரு காதல். விளையாட்டு வீரர் யாராவது ஜெயித்தால் முதல் வேலையாக அவரிடம் என்னவெல்லாம் இல்லை என்று பட்டியல் போடுகிறோம். ஷூ இல்லை, வீடு இல்லை, அப்பா இல்லை. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடியபோது எத்தனை தலைப்புகள் வந்தன, எத்தனை 'வெறுங்கால்'! பெற்றோரை இழந்தவர், பாட்டி வளர்த்தவர், வெறுங்காலில் ஓடியவர். எல்லாம் உண்மை. ஆனால் அதே செய்திகளின் நடுவில் இன்னொரு உண்மையும் ஒளிந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் கண்ணன் அவரைப் பள்ளிப் போட்டியில் பார்த்து, பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் வாங்கிக் கொடுத்தார். காலுக்கு ஷூவும் வந்தது. ரேவதியை ஓட வைத்ததில் ஒரு கல்லூரி சீட்டுக்கும் விடுதிச் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பங்கு உண்டு என்று யாரும் தலைப்பு போடவில்லை. போட்டால் எவன் கிளிக் பண்ணுவான்?

மகேந்திரவர்மன் கதையும் அப்படித்தான். செங்கல்லும் மரமும் இல்லாமல் செய்தேன் என்று எழுதி வைத்தான். சரி. பாறை இருந்தது. கல்தச்சர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் உளி இருந்தது, அவர்களுக்குச் சோறு போடப் பல்லவர் கஜானா இருந்தது. ஒன்றுமே இல்லாமல் யாரும் எதையும் செய்ததில்லை. ஓடிவிட்டு வந்து அந்தக் குகையின் படியில் வியர்வை காயக் காய உட்கார்ந்திருந்த நாட்களில் இதெல்லாம் தோன்றவில்லை. 'நம்மகிட்டயும்தான் ஒண்ணும் இல்ல, ஜெயிச்சுடுவோம்' என்று அசட்டுத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த 'ஒன்றுமில்லாமல்' புராணம் யாருக்கு வசதி? மாணவருக்கு இல்லை. ஏழ்மைதான் வில்லன் என்று சொல்லிவிட்டால் மேசையில் கிடந்த படிவத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஜெர்மனிக்குப் போன பன்னிரண்டு பேருக்கு என்ன இல்லாமல் போயிற்று? திறமை, பயிற்சி, டிக்கெட், சீருடை எல்லாம் இருந்தது. இல்லாமல் போனது தாளில் ஆறு பெயர். இதற்கு எந்த ஏழ்மையைக் காரணம் சொல்வீர்கள்?

"ஏங்க, நாம முன்னேறிக்கிட்டுதானே இருக்கோம்" என்பார்கள். ஆமாம். 2019-ல் நேப்பிள்ஸில் டூட்டி சந்த் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். புவனேஸ்வரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டது. 2020-ல் அதே ஊரில் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் தொடங்கின. செங்டுவில் 26 பதக்கம், அதில் 11 தங்கம். ஜெர்மனியிலும் நம்ம ஊர்ப் பையன் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் வெள்ளி வாங்கினார். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை, சந்தோஷமாகத்தான் பார்த்தேன். ஆனால் பதக்கக் கணக்கு மேலே ஏறுவது கீழே இருக்கும் அலுவலகம் சரியாகிவிட்டதற்குச் சாட்சி ஆகாது. பதக்கம் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறு யாராவது இருக்கிறார்கள், அகாடமி, ஸ்பான்சர், சம்மேளனம், ராணுவம். கல்லூரியைத் தவிர வேறு யாரும் இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். எங்கள் பி.டி. சார் ஒற்றை ஆள். அத்தனை துறைக்கும் அத்தனை ஆட்டத்துக்கும் அவர்தான். அட்மிஷன் டியூட்டி, எலெக்‌ஷன் டியூட்டி, ஆண்டு விழாவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் டியூட்டியும் அவருக்குத்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஃபீஸ் ரசீதில் 'விளையாட்டு' என்று தனி வரி போட்டு எங்களிடம் பணம் வாங்கினார்களே, அந்த வரிக்கு என்ன அர்த்தம்?

"காலேஜுக்கு ஓடவா அனுப்பினாங்க, படிக்கத்தானே" என்று சொல்கிற அண்ணன்மார்களும் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒன்றுதான். ஓடுகிறவள் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்டதுபோல நடந்துகொள்வது யார்? 75 சதவீத வருகைப்பதிவு. போட்டிக்குப் போனால் ஓ.டி. தருவார்கள் என்று பேப்பரில் இருக்கும், துறையில் போய்க் கேட்டால் "அந்த லெட்டர் எங்ககிட்ட வரலியே" என்பார்கள். இன்டர்னல் தேர்வு ஓட்டப்பந்தய நாளில்தான் வரும். என் இரண்டு அரியரில் ஒன்று அப்படி வந்தது. இன்னொன்று நான் படிக்காததால் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. சிந்தெடிக் டிராக் கேட்கவில்லை, வெளிநாட்டுப் பயிற்சியாளர் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணினால் என் அம்மாவுக்கு மெசேஜ் வருகிறது. டெலிவரி ஆனால் இன்னொரு மெசேஜ். நெல் மூட்டைக்கு டோக்கன் நம்பர் உண்டு. ஒரு மாணவியின் பெயர் கல்லூரியிலிருந்து கிளம்பிவிட்டதா, பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, போட்டி நடத்துகிறவர்களின் பட்டியலில் ஏறிவிட்டதா என்று அவளே தன் போனில் பார்க்க முடிய வேண்டும். விடுபட்டிருந்தால் கடைசித் தேதிக்கு முன்னால் கேட்க ஒரு ஆளும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இருந்தன, 2021-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். வேலூரோ சிதம்பரமோ, எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நேரில் போய் விசாரிக்க ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வேண்டும். ஜெர்மனிக்குப் போன பிள்ளைகளுக்கும் இதேதான். தங்கள் பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்திருந்தால் மேலாளரின் கழுத்தைப் பிடித்தாவது எழுத வைத்திருப்பார்கள். அடுத்த போட்டி 2027-ல், தென் கொரியாவின் சுங்சியாங்கில். இதைச் செய்ய ஒரு சாஃப்ட்வேர் பையனுக்கு இரண்டு மாசம் போதும்.

செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். காரணம் பணம் இல்லை. பட்டியல் வெளியே தெரிந்துவிட்டால் யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம், ஏன் விட்டோம் என்று கேள்வி வரும். மூடிய தாளில்தான் அதிகாரம் இருக்கிறது. இது ஏதோ ஒரு அலுவலகத்தின் சோம்பேறித்தனம் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிச் செய்தியைப் படித்தபோதுதான் விழுப்புரத்து மேசையும் உலகப் போட்டியின் மேலாளர் மேசையும் ஒரே தச்சன் செய்தவை என்று புரிந்தது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஏரிக்கரையில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, முதலாம் வருஷம் படிக்கிறாள், 1500 மீட்டர். வேப்பமரத்துச் சுண்ணாம்புக் கோடு அழிந்துபோய், அவளே புதுசாகப் போட்டிருக்கிறாள். "யக்கா, நீங்களும் ஓடுவீங்களாமே" என்றாள். டைமிங் என்ன என்று கேட்கத்தான் நினைத்தேன். "படிவம் குடுத்துட்டியா?" என்றுதான் வாயில் வந்தது. கொடுத்துவிட்டாளாம், ஒரு வாரம் ஆகிறதாம்.

மறுநாள் அவளோடு நானும் பஸ் ஏறினேன். அலுவலகத்தில், "சார், இது அனுப்பியாச்சான்னு பாத்து, தபால் பதிவேட்டு நம்பரோட ஒரு ஜெராக்ஸ்ல சீல் போட்டுத் தாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"அக்கா."

"எதுக்கு காப்பி? நாங்க அனுப்பிடுவோம்ல."

"பரவால்ல சார். இருக்கோம்."

இரண்டு பேரும் அங்கே இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி பதினொன்றரை. அவளுக்கு பன்னிரண்டுக்கு இன்டர்னல்.